ஸ்டியரிங் கமிட்டி

கரமனை ஜங்ஷனில் வலது பக்கம் திரும்பும்போது சூடாமணியின் காரில் ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை, ஸ்டியரிங் மட்டும்தான் நின்றது. எதிரே களியக்காவிளை பஸ் வந்துகொண்டிருந்தது. சூடாமணி பிரேக்கை மிதித்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் போல உடம்பையே சாய்த்து இழுத்து ஒருவழியாகத் திருப்பினாள். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, அவளுடைய வயதைப் பற்றியும் வண்டியின் வயதைப் பற்றியும் ஒரே மலையாள வாக்கியத்தில் அபிப்பிராயம் சொன்னார்.

"எனக்கு வந்தது இதுக்கும் வந்துடுத்து," என்றார் பக்கத்து சீட்டில் இருந்த சேஷன். "வலது பக்கம் போயிடுத்து."

சேஷன் அவளுடைய கணவர். சர்க்கார் தணிக்கை ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நல்ல உயரம், அதற்கேற்ற கனம். அவரை ஆட்டோவில் ஏற்றுவது பீரோவை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோவதைப் போன்ற காரியம். அதனால்தான் இந்தப் பழைய காரின் முன்சீட்டைக் கதவுப் பக்கமாகச் சுழலும்படி மாற்றியிருந்தார்கள். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, அவரைச் சீட்டில் சரியவிட்டு, சீட்டைத் திருப்பினால் போதும். அப்படித்தான் பூஜப்புரையில் பிசியோதெரபிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். வலது கையால் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். காலி டம்ளர்தான். ஆனாலும் அன்று சூடாமணி பால் பாயசம் வைத்தாள். விட்டு விட்டுச் செய்தால் விரல்கள் மறுபடியும் மடங்கிக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

ஆகவே வண்டி ஓட வேண்டும். ஓடினால் போதாது, திரும்பவும் வேண்டும்.

சூடாமணி பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள். தெருவில் யாரும் இல்லாத நேரத்தில் வண்டியை எடுத்து, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த வண்டியின் ஸ்டியரிங்குக்கு உதவி செய்ய ஒரு சின்ன மோட்டார் உண்டு. இடது பக்கம் திருப்பினால் மோட்டார் உதவுகிறது. வலது பக்கம் திருப்பினால் எதிர்க்கட்சியாகிவிடுகிறது. வெளியில் விசாரித்ததில் யாரும் தொடமாட்டேன் என்றார்கள். அதற்கான சாமான் கம்பெனியில்தான் கிடைக்குமாம், கம்பெனி அதை வெளியாட்களுக்குக் கொடுக்காதாம்.

இப்படியாகத்தான் சூடாமணி, பாப்பனங்கோட்டைத் தாண்டி ஹைவேயில் இருக்கும் 'ஆனந்தயானம் மோட்டார்ஸ்' என்ற அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையத்துக்குப் போனாள். கரமனையிலிருந்து போனால் இடது கைப்பக்கம் கேட். உள்ளே போவதில் சிரமமே இல்லை. வெளியே வந்து வீடு திரும்புவதற்குத்தான் வலது பக்கம் யூ-டர்ன் எடுக்க வேண்டும்.

கேட்டில் காரை நிறுத்தி, பானட்டுக்குக் குங்குமம் வைத்து ஆரத்தி எடுத்தார்கள். சூடாமணிக்கு நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். ஸ்மிதா என்ற பெண், சரிகைக் கரை போட்ட கசவு ஸாரியில், இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு வந்தாள்.

"வரணும், வரணும். ஆனந்தயானம் குடும்பத்திலேக்கு ஸ்வாகதம். ஞான் ஸ்மிதா. கஸ்டமர் சந்தோஷம் டிபார்ட்மெண்ட்."

"எனக்கு ரிப்பேர் டிபார்ட்மெண்ட் வேணும்மா."

ஸ்மிதாவின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. சிரிப்பைக் குறைக்க அவளுக்கு அதிகாரம் இல்லை என்று தோன்றியது. அவள் பிரஜின் என்ற இளைஞனிடம் கொண்டுபோய் விட்டாள். மார்த்தாண்டத்துக்காரன், கழுத்தில் டை கட்டியிருந்தான். மார்பில் 'வாகன நல ஆலோசகர்' என்று எழுதியிருந்தது.

"என்ன மேடம் உங்க எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்டான்.

"நான் முப்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தேன்."

"அதில்ல மேடம். இங்க கம்ப்ளெயிண்ட்னு சொல்லப்பிடாது. கம்பெனி ரூல். எக்ஸ்பீரியன்ஸ்னுதான் சொல்லணும்."

"ஓ. அப்படின்னா, வண்டி வலது பக்கம் திரும்பலைங்கறது என் எக்ஸ்பீரியன்ஸ். திருப்பினா இடது பக்கமா இழுக்கறது."

பிரஜின் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "திருவனந்தபுரத்துல அதெல்லாம் ஒரு குறையா மேடம்?"

இது அவனுடைய ஹாஸ்யம் என்று சூடாமணி எடுத்துக்கொண்டாள். வண்டியை விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் திரும்பக் கிடைத்தபோது அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்புப் பூசி, உள்ளே மல்லிகை வாசனை அடித்திருந்தார்கள். கேட்டைத் தாண்டி யூ-டர்ன் எடுக்கும் இடத்தில் ஸ்டியரிங் முன்பு நின்ற அதே இடத்தில் நின்றது. பின்னால் ஒரு டிப்பர் லாரி ஹாரனை அடித்துக்கொண்டே இருக்க, பளபளக்கிற அந்த வண்டியை மல்லிகை வாசனையோடு அவள் இழுத்துத் திருப்பினாள்.

மறுநாளே திரும்பப் போனாள். மறுபடியும் ஆரத்தி. மறுபடியும் சர்பத்.

"ஸ்டியரிங்கை நீங்க தொடவே இல்லையே?"

"கம்ப்யூட்டர்ல இணைச்சுப் பாத்தாச்சு மேடம். கம்ப்யூட்டர் ஒரு பிரச்சினையும் இல்லன்னு சொல்லிட்டு."

"கம்ப்யூட்டரா ஓட்டறது? நான்னா ஓட்டறேன்."

"கம்ப்யூட்டர் சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் இல்ல மேடம்."

அவள் விடவில்லை. அவனையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஒர்க்‌ஷாப் முற்றத்தில் வலது பக்கம் திருப்பச் சொன்னாள். பிரஜின் திருப்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. டை ஒரு பக்கமாகப் போயிற்று. மோட்டார் உறுமியது, அவனும் உறுமினான். கடைசியில் சக்கரம் கொஞ்சம் நகர்ந்தது.

"திரும்புதே மேடம்!" என்றான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"இத்தனை சிரமப்பட்டா?"

"சிரமம்னு சிஸ்டத்துல ஒரு ஆப்ஷன் இல்ல மேடம். திரும்புது, திரும்பல்ல, இந்த ரெண்டுதான் உண்டு. இப்போ திரும்பிட்டு. அதனால இதை டிரைவிங் பழக்கம்னு எடுக்கணும். உங்களுக்கு ஒரு கவுன்சலிங் உண்டு, முழுக்க ஃப்ரீ."

கவுன்சலிங் மாடியில் நடந்தது. குளிரூட்டிய அறை, நாற்காலிகள் வரிசையாக, கேட்பதற்குச் சூடாமணி ஒருத்தி. ஸ்மிதா குத்துவிளக்கு ஏற்றினாள். திரையில் முதல் படம் வந்தது. 'வலது பக்கம் திரும்புதல்: ஒரு மனப்பான்மை' என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த படத்தில் ஒரு மலை, சூரிய உதயம். அதற்கடுத்ததில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நம்ம பயம்தான் நம்ம கையில டைட்னஸ் ஆயிட்டு வருது," என்றாள் ஸ்மிதா. "வண்டியை நீங்க நம்பணும். அப்போ வண்டியும் உங்களை நம்பும்."

"இந்தப் படத்தை மோட்டாருக்குக் காட்டினேளா?"

ஸ்மிதா சிரித்தாள். சூடாமணிக்கு ஒரு சர்டிபிகேட் கிடைத்தது. வலது பக்கம் திரும்புவதில் முறையான பயிற்சி பெற்றவர் என்று அதில் இருந்தது. அன்றைக்கு யூ-டர்னில் வண்டியை டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து தள்ளிவிட வேண்டியதாயிற்று. சர்டிபிகேட்டை அவரிடம் காட்டலாமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

இதற்குள் சேஷனின் பிசியோதெரபி விட்டு விட்டுத்தான் நடந்தது. அவர் டம்ளரைப் பிடிப்பதற்கு இடது கையை நீட்ட ஆரம்பித்திருந்தார். அதைச் சூடாமணி கவனித்தாள். அவள் கவனித்ததை அவரும் கவனித்தார்.

மூன்றாவது தடவை அவள் சர்பத்தைக் கையால் தள்ளிவிட்டு நேராக ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போனாள். ஜெனரல் மேனேஜர் மஹேஷ் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துப் பையன் என்று தெரியவந்தது. பெங்களூரில் மேனேஜ்மெண்ட் படித்துவிட்டு வந்தவன். கோட் போட்டிருந்தான். எழுந்து நின்று, "மாமி, நீங்களா! கரமனையா? எங்க சித்தி இருக்கறதும் அங்கேதான்!" என்று சந்தோஷப்பட்டான். அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு மேஜையைத் தட்டினான்.

"இதை இப்படியே விடப்போறதில்லை மாமி. இது ஸ்டியரிங் பிரச்சினை. இதுக்கு ஒரு ஸ்டியரிங் கமிட்டி போடறேன்."

அவன் வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்துச் சூடாமணி லேசாகச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

கமிட்டி ஒரு நீளமான மேஜையைச் சுற்றிக் கூடியது. அக்கௌண்ட்ஸிலிருந்து ஒருவர், விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர், ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து ஒரு அம்மாள், கேண்டீன் கண்டிராக்டர், பிரஜின், ஸ்மிதா. ஒர்க்‌ஷாப்பிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களுக்கு வேலை இருந்ததாம். அறையின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் என்னவோ இரும்புச் சாமான் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பருப்பு வடை வந்தது. மஹேஷ் எழுந்தான்.

"நண்பர்களே, ஒரு காரை ரிப்பேர் பண்றோம்னு நினைச்சா நாம வெறும் ஒர்க்‌ஷாப். ஒரு உறவை ரிப்பேர் பண்றோம்னு நினைச்சா நாம ஒரு பிராண்ட். போன வருஷம் வரவேற்புக்கும் விழாவுக்கும் செலவழிச்சதுல பாதியை நாம ஸ்பேர் பார்ட்ஸ்ல போட்டிருந்தா இன்னிக்கு எங்கே இருந்திருப்போம்? யோசிச்சுப் பாருங்கோ. தெருவுக்குத் தெரு இருக்கற ஒர்க்‌ஷாப் மாதிரி வண்டியைச் சரிபண்ணி அனுப்பிண்டு இருந்திருப்போம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கேண்டீன் கண்டிராக்டர்தான் அதிகமாகத் தட்டினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் சூடாமணி. "ஸ்டியரிங்குக்குள்ள ஒரு சென்ஸார் உண்டு. நான் எந்தப் பக்கம் திருப்பறேன்னு மோட்டாருக்கு அதுதான் சொல்லும். அது தப்பாச் சொல்றது. அதை மாத்தினாப் போறும். அந்தச் சாமான் இருக்கா, இல்லையா?"

கமிட்டி பிரஜினைப் பார்த்தது. பிரஜின் வடையைப் பார்த்தான். "பழைய மாடல் மேடம். அந்தச் சாமான் இப்போ இந்தியாவுலயே கிடையாது."

"அதனாலதான் மாமி, புது வண்டி எடுத்துக்கோங்கோங்கறேன்," என்றான் மஹேஷ்.

"புது வண்டியில சீட் சுழலுமா? எங்காத்துக்காரர் ஏறணும்."

"ஸன்ரூஃப் உண்டு."

"அவரை மேலேருந்து இறக்கணுமா?"

இந்தக் கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்து விளம்பரப் பிரிவுக்காரர் ஒரு யோசனை சொன்னார். வண்டி இடது பக்கம் நன்றாகத் திரும்புகிறது என்பதை யாரும் பாராட்டவே இல்லையே? இடது பக்கம் மட்டுமே திரும்பிக் கரமனையிலிருந்து பூஜப்புரைக்குப் போக ஒரு வழி போட்டுக் கொடுத்தால் என்ன? கமிட்டி இதை ஏகமனதாக ஏற்றது. வழித்தட வரைபடம் கலரில் அச்சாகி, லாமினேட் செய்யப்பட்டு, ரோஜாப்பூவோடு அவளிடம் தரப்பட்டது. கூடவே வண்டியின் ஸ்டியரிங்குக்கு ஒரு தோலுறையும் போட்டு, மோட்டாரைக் கம்ப்யூட்டரில் புதுப்பித்தும் கொடுத்தார்கள். புதுப்பித்த பிறகு மோட்டாருக்குப் பலம் கூடிவிட்டது. வலது பக்கம் இப்போது சுத்தமாகத் திரும்பவில்லை.

அன்றைக்கு அவளைக் கம்பெனி ஆள்தான் வீட்டில் கொண்டுவிட்டான். வண்டியை ரிக்கவரி வேனில் ஏற்றி வந்தான்.

வேறு வழி இருந்திருந்தால் சூடாமணி அந்த வரைபடத்தைத் திறந்தே இருக்கமாட்டாள். ஆனால் பிசியோதெரபிக்குப் போகாமல் பல நாள் ஆகியிருந்தது. சேஷனின் விரல்கள் உள்பக்கமாக வளைய ஆரம்பித்திருந்தன. தூங்கும்போது பார்த்தால் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டவுடனேயே கிளம்பினார்கள். வரைபடம் சேஷனின் மடியில். கிள்ளிப்பாலம், சாலை பஜார், கோட்டை, தம்பானூர் என்று இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வண்டி நகரத்தை அப்பிரதட்சிணம் செய்தது. சாலைக் கடைத்தெருவின் முகப்பு இரண்டாவது தடவையாக வந்தது.

"இன்னொரு தடவை வந்தா நிறுத்து சூடா," என்றார் சேஷன். "அரிசி வாங்கிண்டு போயிடலாம்."

அவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அடுத்த தெருவில் தண்ணீர்க் குழாய்க்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மஞ்சள் போர்டில் பெரிதாக ஒரு அம்பு, வலது பக்கம் காட்டியது.

சூடாமணி வண்டியை நிறுத்தினாள். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. அவள் இழுத்தாள். மோட்டார் அவளை இழுத்தது. தோள்பட்டையில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. சேஷன் இடது கையை நீட்டி ஸ்டியரிங்கின் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளினார். பிறகு, என்ன நினைத்தாரோ, வலது கையையும் தூக்கப் பார்த்தார். அது மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, வரைபடத்தின் மேலேயே விழுந்தது.

"விடுங்கோ," என்றாள் சூடாமணி. "விடுங்கோன்னா. நான் பாத்துக்கறேன்."

ஆட்டோக்காரர்களும் தலைச்சுமைக்காரர்களும் சேர்ந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்தார்கள். பூஜப்புரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிசியோதெரபி நிலையம் பூட்டியிருந்தது. சேஷன் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லை. வெளியில வந்து ரொம்ப நாளாச்சு. ஊரைப் பாத்தாச்சு," என்றார்.

அன்றிரவு அவள் காலி டம்ளரை அவருடைய வலது கையில் வைத்துப் பார்த்தாள். அது நிற்கவில்லை. தரையில் விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. குனிந்து எடுக்கும் சாக்கில் சூடாமணி கொஞ்ச நேரம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிற பெண்ணைப் பிடிப்பதற்கு முன்னால் வரும் அமைதி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்மிதா போன் செய்தாள். ஆனந்தயானத்தின் 'ஆனந்த தினம்' வருகிறது. அதில் அந்த ஆண்டின் தலைசிறந்த வாடிக்கையாளராகச் சூடாமணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காரணம், அவளைப்போல் அடிக்கடி வந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

"என் வண்டி?"

"வண்டியை நாளைக்கே நாங்க எடுத்துட்டுப் போவோம் மேடம். ஃபங்ஷன்ல முழுக்க சரியாக்கித் தரும். ஜி.எம். சார் அனௌன்ஸ் செய்யும்."

சூடாமணி போனாள். சேஷனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நல்ல பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு போனாள்.

ஷோரூம் முற்றத்தில் பந்தல். செண்டை மேளம். பத்திரிகைக்காரர்கள், போட்டோகிராபர்கள். மேடைக்குக் கீழே அவளுடைய கார், சிவப்பு ரிப்பன் கட்டி, மாலை போட்டு நின்றது. மஹேஷுக்கும் மாலை. மைக்கைப் பிடித்தான்.

"இங்கே உட்கார்ந்திருக்கற சூடாமணி மாமி நம்மகிட்ட திரும்பத் திரும்ப வந்தவா. நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு வண்டியை முதல் தடவையே சரியா ரிப்பேர் பண்ணி அனுப்பிட்டா கஸ்டமர் திரும்பி வருவாரா? வரமாட்டார்! நம்மளை மறந்துடுவார். மறக்கமுடியாதபடி பண்றதுதான் நம்ம சேவை. மாமி ராத்திரி தூங்கறதுக்கு முன்னால நம்ம கம்பெனியை நினைக்காத நாள் உண்டா? கேட்டுப்பாருங்கோ!"

"இல்லை," என்றாள் சூடாமணி, உள்ளபடியே.

பலத்த கைதட்டல்.

"இன்னிக்கு அந்த வண்டி பூரண குணம் அடைஞ்சிருக்கு. எங்க கமிட்டி கையெழுத்துப் போட்டாச்சு. மாமி இப்போ தானே ஓட்டிண்டு வீட்டுக்குப் போகப்போறா."

அட்டையில் செய்த ஓர் ஆள் உயரச் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். நிஜச் சாவியை ஸ்மிதா தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். சூடாமணி அதை எடுத்து, காரைத் திறந்து, உட்கார்ந்து, ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள். இறங்கி வந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"மஹேஷ் ரொம்ப நல்ல பையன். எனக்காகக் கமிட்டியெல்லாம் போட்டான். அதனால முதல் ரவுண்ட் அவன்தான் ஓட்டணும்னு எனக்கு ஆசை. கேட்டுக்கு வெளியில போய், யூ-டர்ன் எடுத்து, எதிர்ப்பக்கமா வந்து, மறுபடி ஒரு யூ-டர்ன் எடுத்து இங்கே வந்துட்டாப் போறும். அப்புறம் நான் வாங்கிக்கறேன்."

பிரஜின் ஓடிவந்து மஹேஷின் காதில் ஏதோ சொல்லப் பார்த்தான். ஆனால் மஹேஷின் முகத்தில் சந்தேகமே இல்லை. கமிட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறது, தலைவர் என்ற முறையில் அவனே போட்டிருக்கிறான். காகிதத்தில் குணமான வண்டி ரோட்டில் குணமாகாமல் எப்படி இருக்கும்? தவிர, போட்டோகிராபர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். மாலையோடேயே உட்கார்ந்து, கையை ஆட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி இடது பக்கமாக அழகாகத் திரும்பிப் போனான்.

செண்டை மேளம் கொட்டிக்கொண்டே இருந்தது.

யூ-டர்ன் எடுக்கும் இடத்தில் வண்டி ஒரு கணம் தயங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு நேராகப் போயிற்று. அடுத்த இடைவெளியிலும் தயங்கியது, நேராகப் போயிற்று. வழியில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தன் கம்பெனி குணப்படுத்திய வண்டியை ஜெனரல் மேனேஜர் எப்படி நடுரோட்டில் நிறுத்துவார், பின்னால் போட்டோகிராபர்கள் வரும்போது? அவன் கையை ஆட்டிக்கொண்டே நேமத்தைக் கடந்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பள்ளிச்சலைக் கடக்கும்போது கையை ஆட்டுவதை நிறுத்தியிருந்தான்.

மேடையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்தது. கேண்டீன் கண்டிராக்டர் சாப்பாடு ஆறுகிறது என்றார். கடைசியில் பிரஜினின் போன் அடித்தது. அவன் கேட்டுவிட்டு, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சார் பாலராமபுரத்துல இருக்காரு," என்றான்.

"அங்கே எதுக்கு?" என்று கேட்டாள் ஸ்மிதா.

"நேரா போனா அதுதானே வரும்."

மஹேஷ் கோட்டும் மாலையுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினான். வலது கை தோளிலிருந்து தொங்கியது. கார் பின்னால் ரிக்கவரி வேனில் வந்தது. அவன் யாரையும் பார்க்காமல் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவனுடைய குரல் கேட்டது. பெங்களூரில் கற்ற பாஷை இல்லை. சுத்தமான ஸ்ரீவராகம்.

"அந்த எழவெடுத்த சாமான் எங்கேடா இருக்கு? இப்போ வேணும்!"

இந்தியாவிலேயே இல்லாத சாமான், கமிட்டி கூடிய அதே அறையில், மூலையிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பழைய மாடலின் கடைசி ஸ்டியரிங் தண்டு, சென்ஸாரும் மோட்டாருமாக முழுசாக. 'நமது பாரம்பரியம்' என்று அடியில் எழுதி, மேலே விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கமிட்டி அதைப் பார்த்துக்கொண்டேதான் வடை தின்றிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்காரர்களைக் கூப்பிட்டார்கள். இந்த வண்டியைப் பற்றி அவர்களிடம் யாராவது பேசியது அதுதான் முதல் தடவை. பந்தலைப் பிரித்து முடிப்பதற்குள் அவர்கள் தண்டை மாற்றி முடித்திருந்தார்கள். சூடாமணி பட்டுப்புடவையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டி யூ-டர்ன் எடுத்தபோது ஸ்டியரிங் ஒரு விரலுக்கு வந்தது. வீடு வரைக்கும் அவள் அழுதுகொண்டே ஓட்டினாள், தோள்பட்டை வலியினால்தான் என்று சேஷனிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து ஒழுங்காகப் பூஜப்புரைக்குப் போனார்கள். இழந்ததைத் திரும்பப் பிடிக்க வெகுநாள் ஆகும் என்று அங்கே சொன்னார்கள். முதலில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. பிறகு ஆள்காட்டி விரல். சேஷன் அந்த ஒரு விரலை வைத்துக்கொண்டு வழி நெடுக, "வலது பக்கம், வலது பக்கம்," என்று காட்டிக்கொண்டே வருவார். தேவையில்லாத இடத்திலும் காட்டுவார். சூடாமணி திருப்புவாள்.

ஒரு நாள் ஸ்மிதா மறுபடியும் போன் செய்தாள். குரலில் அதே சிரிப்பு.

"மேடம், ஒரு நல்ல விசேஷம் உண்டு. ஜி.எம். சாருக்குக் கம்பெனியிலே தேசிய அவார்டு கிட்டியாச்சு. கஸ்டமர் வண்டியைத் தானே ஓட்டிப் பாக்கற ஒரே ஜி.எம். அவர்தானே! பேப்பர்ல போட்டோ வந்தது, பாத்தீங்களா? மாலை போட்டு, கை ஆட்டிட்டு."

"பாத்தேன்."

"இப்போ அது ஒரு ஸ்கீம் ஆக்கியிருக்கோம். 'ஜி.எம்.மோடு ஒரு பயணம்'. மேடம்தான் வந்து விளக்கேத்தி உத்காடனம் செய்யணும். வண்டியும் கொண்டுவரணும். இப்போ எல்லாப் பக்கமும் நல்லா திரும்புதில்லே?"

சூடாமணி ஜன்னல் வழியாகத் தெருவில் நின்ற காரைப் பார்த்தாள்.

"வலது பக்கம் திரும்பறதும்மா," என்றாள். "இடது பக்கமும் திரும்பறது. உங்க பக்கம் மட்டும் இனிமே திரும்பாது."